ஃபோகஸ் நழுவும் லைட், ஜூம் நகராத லைட்: போர்டை மாற்றும் முன்

கொருக்குப்பேட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பழையதாக எட்டு மூவிங் ஹெட் (தலை தானாகத் திரும்பும் மேடை லைட்) வாங்கி, கச்சேரிக்கும் அம்மன் கோயில் திருவிழாவுக்கும் வாடகைக்கு விடுகிறீர்கள். எல்லாம் பீம் (குறுகிய கதிர்), ஸ்பாட் (உருவம் காட்டும் ஒளி), வாஷ் (பரந்த ஒளி) மூன்றும் சேர்ந்த ரகம். அதில் ஒன்று, ஆன் செய்ததும் கோபோவை, அதாவது ஒளியில் உருவம் காட்டும் தகட்டின் படத்தை, கத்தி மாதிரி கூர்மையாகக் காட்டுகிறது. அரை மணி நேரம் போனால் மங்கிவிடுகிறது. இன்னொன்று ரீசெட் ஆகும்போது கடகடவென்று சத்தம் போட்டுவிட்டு, டிஸ்ப்ளேயில் ஜூம் எரர் என்று காட்டி நின்றுவிடுகிறது. மெக்கானிக் இரண்டுக்கும் மெயின் போர்டு (உள்ளே இருக்கும் முக்கிய சர்க்யூட் பலகை) மாற்ற வேண்டும் என்கிறார், மாற்றலாமா என்று கேட்கிறீர்கள். கோளாறு போர்டில் இருக்கிறதா, வெளியில் இருக்கிறதா என்பதைக் காசு செலவழிக்கும் முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். ராயபுரம் பக்கம் பல வருடமாக இந்த லைட்டுகளைப் பிரித்து மாட்டும் வேலை என்னுடையது. அந்தப் பழக்கத்தில் சொல்வதென்றால், முதல் லைட்டில் போர்டு காரணமாக இருக்க வாய்ப்பு மிகவும் குறைவு. இரண்டாவதில் இருக்கலாம், ஆனால் அதைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், இந்த லைட்டுக்குத் தன் லென்ஸ் எங்கே நிற்கிறது என்பது தெரியாது. பான் (பக்கவாட்டில் திரும்புவது), டில்ட் (மேலும் கீழும் சாய்வது) இரண்டுக்கும் பெரும்பாலான லைட்டுகளில் தலை நிற்கும் இடத்தை அளந்து சொல்லும் என்கோடர் இருக்கும். யாராவது கையால் தலையைத் திருப்பினால்கூட அது பழைய இடத்துக்கு வந்துவிடும். ஃபோகஸ், ஜூம் இரண்டுக்கும் பொதுவாக அந்த வசதி கிடையாது. அங்கே இருப்பது அடி அடியாகச் சுற்றும் ஒரு ஸ்டெப்பர் மோட்டார், லென்ஸ் மாட்டிய ஒரு கேரியர், அது ஓடுவதற்குக் கம்பிகள், இழுக்க ஒரு பெல்ட் அல்லது திருகுத்தண்டு, ஓரத்தில் ஒரு சென்சார். ரீசெட் ஆகும்போது லென்ஸை ஓரத்துக்குக் கொண்டுபோய், சென்சார் சொன்ன இடத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு எல்லாமே எண்ணிக்கைதான். கண்ணைக் கட்டிக்கொண்டு சுவரைத் தொட்டுவிட்டு, அங்கிருந்து அடி எண்ணி நடப்பவர் மாதிரி. நடுவில் ஒரு அடி சறுக்கினால் அவருக்குத் தெரியாது, அடுத்த முறை சுவரைத் தொடும் வரை தப்பான கணக்கிலேயே நடப்பார். சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கும், ஒவ்வொன்றும் 1.8 டிகிரி. ஃபோகஸ் லென்ஸில் சில அடிகள் தவறினாலே கோபோவின் ஓரம் மங்கிவிடும்.

இதை வைத்து உங்கள் முதல் லைட்டுக்கு ஒரு சோதனை செய்யலாம், பெட்டியைத் திறக்கவே வேண்டாம். லைட்டைச் சுவருக்கு நேராக வைத்து, ஒரு கோபோவைப் போட்டு, ஃபோகஸைக் கூர்மையாக்கி, அந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஃபோகஸையும் ஜூமையும் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். மங்கியதும் லைட்டை ஆஃப் செய்யாதீர்கள். சூடாக இருக்கும்போதே மெனுவிலிருந்தோ கன்சோலிலிருந்தோ (லைட்டுகளை இயக்கும் மேசை) ரீசெட் மட்டும் கொடுத்து, குறித்து வைத்த அதே அளவைத் திரும்பக் கொடுங்கள். கூர்மை திரும்பி வந்தால் லைட் அடி தவறவிடுகிறது, அல்லது மோட்டார் தண்டின் மேல் பல்சக்கரம் வழுக்குகிறது. இந்த இரண்டும் ரீசெட்டில் சரியாகி, ஓட ஓடத் திரும்பக் கெடும். ரீசெட்டுக்குப் பிறகும் மங்கலாகவே இருந்தால் எண்ணிக்கையில் தப்பில்லை. லென்ஸ் அதன் பிடியில் ஆடுகிறதா, கோபோ சரியாக உட்கார்ந்திருக்கிறதா, சென்சாரோ அதற்குச் சைகை தரும் காந்தமோ இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த ஒரு ரீசெட் பாதி வேலையை முடித்துவிடும். ஆனால் எல்லோரும் செய்வது, ஆஃப் செய்து ஆற வைத்து மறுநாள் ஆன் செய்து, “இப்ப நல்லாத்தானே இருக்கு” என்று சொல்வதுதான். அதில் எதுவும் தெரியவராது.

ஒரு சந்தேகத்தையும் இங்கேயே பிரித்துவிடலாம். லேம்ப் எரிய ஆரம்பித்து முதல் கால் மணி நேரத்தில், லென்ஸும் அதைப் பிடித்திருக்கும் உலோகமும் சூடாகி ஃபோகஸ் கொஞ்சம் நகர்வது இயல்பு. அது மெல்ல நகரும், ஒரு அளவில் நின்றுவிடும், கன்சோலில் ஃபோகஸை லேசாகத் தொட்டால் சரியாகிவிடும். உங்கள் எட்டு லைட்டும் ஒரே மாதிரி நகர்ந்தால் கவலைப்பட எதுவும் இல்லை. ஒன்று மட்டும் தனியாக நகர்ந்தால், அதுவும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கூடிக்கொண்டே போனால், அது கோளாறுதான்.

கோளாறே இல்லாததைக் கோளாறு என்று நினைத்துக் கொண்டுவருகிறவர்களும் நிறைய. ஜூமை மாற்றினால் ஃபோகஸ் போய்விடுகிறது என்பார்கள். பெரும்பாலான மூவிங் ஹெட்டில் அப்படித்தான் ஆகும். ஜூம் லென்ஸ் நகர்ந்தால் ஃபோகஸ் லென்ஸும் அதற்கேற்ப நகர வேண்டும். விலை கூடிய சில லைட்டுகளில் தூரத்தைச் சொல்லிவிட்டால் அதுவே சரிசெய்யும் ஆட்டோ ஃபோகஸ் இருக்கிறது. மற்றதில் ஆபரேட்டர்தான் ஒவ்வொரு ஜூம் அளவுக்கும் ஒரு ஃபோகஸ் பதிய வேண்டும். அதேபோல நிலையான கோபோ சக்கரமும் சுழலும் கோபோ சக்கரமும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே ஃபோகஸில் கூர்மையாக இருக்காது. படத்தைப் பலவாகப் பிரிக்கும் ப்ரிசம் உள்ளே வந்தாலும் ஃபோகஸ் மாறும். 230 வாட் பீம் லைட், நம் ஊரில் எல்லோரும் ஷார்ப்பி என்று சொல்வது, அதில் பொதுவாக ஜூமே கிடையாது. ஃப்ராஸ்ட் என்ற மங்கல் கண்ணாடி விழுந்து ஒளி பரவுவதைத்தான் ஜூம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வாஷ் லைட்டில் ஜூம் இருக்கும், ஃபோகஸ் இருக்காது.

படத்தின் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கிறதா என்றும் பாருங்கள். மேடைத் தரையில் சாய்வாக அடித்தால் எந்த லைட்டிலும் அப்படித்தான் தெரியும், அதனால்தான் சுவருக்கு நேராக வைக்கச் சொன்னேன். நேராக அடித்தும் ஒரு பக்கம் மங்கினால் லென்ஸ் சாய்ந்திருக்கிறது, அல்லது கோபோ அதன் வளையத்தில் சரியாக உட்காரவில்லை. கோபோவைச் சுழலவிட்டுப் பாருங்கள்: மங்கலும் கூடவே சுற்றினால் குற்றம் கோபோவில், ஒரே இடத்தில் நின்றால் லென்ஸில். படம் முழுவதும் பால் ஊற்றியதுபோல வெளுத்து, எந்த அளவிலும் கூர்மை வரவில்லை என்றால் முதலில் லென்ஸைத் துடையுங்கள். ஸ்மோக், ஹேஸ் மெஷின் விடும் புகை உள்ளே போய்ப் படிந்து தூசியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் நூல் உதிராத துணியும் போதும். அசிட்டோன், தின்னர், வீட்டுக் கண்ணாடி துடைக்கும் திரவம் இதெல்லாம் வேண்டாம், கோட்டிங் போய்விடும்.

கன்சோலையும் கேபிளையும் விலக்குவது சுலபம். கன்சோலின் கட்டளையைக் கொண்டுவரும் டிஎம்எக்ஸ் கேபிளைக் கழற்றிவிட்டு, லைட்டின் சொந்த மெனுவில் மேனுவல் டெஸ்ட்டுக்குப் போய் ஃபோகஸை மட்டும் 0 முதல் 255 வரை நகர்த்துங்கள். அங்கேயும் தவறு வந்தால் கன்சோல் மேல் பழியில்லை. அங்கே ஒழுங்காக ஓடி, கன்சோலில் மட்டும் கோணலாக இருந்தால் மோட் (லைட்டில் தேர்ந்தெடுத்த சேனல் அமைப்பு) அல்லது ஃபிக்சர் ஃபைல் (கன்சோலில் இருக்கும் அந்த லைட்டின் சேனல் பட்டியல்) பொருந்தவில்லை என்று அர்த்தம். அப்போது ஜூம் ஃபேடரைத் தொட்டால் வேறு ஏதாவது அசையும். ஒரே வரிசையில் இருக்கும் பல லைட்டுகளில் ஃபோகஸ் ஒன்றாக நடுங்கினால் அது சிக்னல் பிரச்சினை. கடைசி லைட்டில், சிக்னல் திரும்பி எதிரொலிக்காமல் தடுக்கும் 120 ஓம் டெர்மினேட்டர் போட்டிருக்கிறதா, மைக் கேபிளை டிஎம்எக்ஸ் கேபிள் என்று மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

இனி திறந்துதான் பார்க்க வேண்டும். மின்சாரத்தைப் பிளக்கிலிருந்தே எடுத்துவிட்டு, லேம்ப் நன்றாக ஆறும் வரை காத்திருங்கள். சூடான டிஸ்சார்ஜ் லேம்ப்பில் உள்ளே அழுத்தம் அதிகம், வெடித்தால் கண் போகும். பவர் சப்ளை பக்கம் கை வைக்காதீர்கள். பிளக் எடுத்த பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். லேம்ப்பைப் பற்றவைக்கும் பகுதியில் ஆயிரக்கணக்கான வோல்ட் வரும். மூடியைத் திறந்து வைத்து ரீசெட்டைப் பார்க்க வேண்டிய நேரத்தில் மெனுவில் லேம்ப்பை ஆஃப் செய்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும், விரலும் சட்டையும் உள்ளே போகக் கூடாது.

முதல் லைட், சூடான ரீசெட்டில் கூர்மை திரும்பியது என்றால், மின்சாரம் இல்லாத நிலையில் லென்ஸ் கேரியரை விரலால் மெதுவாக முழு நீளத்துக்கும் நகர்த்துங்கள். பெல்ட் வைத்த லைட்டில் இது முடியும். திருகுத்தண்டு வைத்ததில் தண்டைத் திருப்ப வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே இறுக்கம் இருக்க வேண்டும். எங்கே பிடிக்கிறதோ அங்கேதான் மோட்டார் அடி தவறவிடும். காரணம் பெரும்பாலும் காய்ந்து கெட்டியான பழைய கிரீஸ், கம்பியில் துரு, அல்லது கம்பியின் மேல் ஓடும், சூட்டில் விரிந்து இறுகும் பிளாஸ்டிக் புஷ். கம்பியை ஆல்கஹாலால் துடைத்து, துருவை எடுத்து, புஷ்ஷையும் சுத்தம் செய்யுங்கள். கையில் இருக்கிறதே என்று துரு நீக்கும் ஸ்பிரேயை அடிக்காதீர்கள். அது சூட்டில் ஆவியாகி லென்ஸில் படியும், மிச்சம் பிசினாகும். சூடு தாங்கும் கிரீஸ் ஒரு துளி, அல்லது டெஃப்லான் கலந்த உலர் மசகு போதும். எண்ணெய் ஊறிய உலோகப் புஷ்ஷாக இருந்தால் அதுவும் தேவையில்லை.

கம்பி நன்றாக ஓடுகிறது, ஆனாலும் நழுவுகிறது என்றால் பல்சக்கரத்தைப் பாருங்கள். மோட்டார் தண்டில் அதைப் பிடித்திருப்பது ஒரு சின்ன கிரப் ஸ்க்ரூ. குட்டி யானையில் ஃப்ளைட் கேஸ் (பாதுகாப்புப் பெட்டி) இல்லாமல் சாக்கைச் சுற்றி மணலி ரோட்டில் கொண்டுபோனால் அது தளராமல் என்ன செய்யும்! தண்டும் சக்கரமும் சேரும் இடத்தில் ஒயிட்னரால் ஒரு கோடு போட்டுவிட்டு ஓடவிடுங்கள். கோடு விலகினால் வழுக்குகிறது. ஆலன் கீ போட்டு இறுக்கி, லேசான த்ரெட் லாக் ஒரு சொட்டு வையுங்கள். கெட்டியான ரகம் வைத்தால் அடுத்த முறை கழற்ற முடியாது. கோடு அப்படியே இருந்தால் பெல்ட்டின் பல் தேய்ந்து தாவுகிறதா, பெல்ட் தொளதொளவென்று இருக்கிறதா என்று பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்தால்தான், போர்டில் மோட்டாரை ஓட்டும் டிரைவர் ஐசி சூட்டில் கைவிடுகிறதா என்று யோசிக்க வேண்டும். அப்போதும் முதலில் தலைக்குள் இருக்கும் ஃபேன் சுற்றுகிறதா, காற்று போகும் வழி தூசியால் அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான்.

இரண்டாவது லைட்டுக்கு வருகிறேன். டிஸ்ப்ளேயில் எரர் வருகிறது என்பதே நல்ல தகவல். சென்சார் இல்லாமல் வெறுமனே ஓரத்தில் முட்டி நின்று பூஜ்யம் எடுக்கும் மலிவான லைட்டுகள் உண்டு. அவற்றில் ரீசெட்டின்போது ஒரு நொடி கடகட சத்தம் வருவது இயல்பு, எரர் காட்ட அவற்றுக்கு வழியும் இல்லை. உங்கள் லைட் எரர் காட்டுகிறது என்றால் அது ஒரு சென்சாரின் பதிலுக்குக் காத்திருந்து ஏமாறுகிறது. மூடியைத் திறந்து ரீசெட் கொடுத்து, ஜூம் கேரியரை மட்டும் பாருங்கள். அது ஓரத்துக்கு ஓடிப்போய் முட்டிக்கொண்டு கடகடவென்றால் மோட்டார், டிரைவர், பெல்ட், மோட்டார் வயர் எல்லாம் நன்றாக இருக்கின்றன, சென்சார் பக்கம்தான் கோளாறு. மோட்டார் தண்டு சுற்றுகிறது, கேரியர் நகரவில்லை என்றால் பல்சக்கரம் அல்லது பெல்ட். தண்டும் சுற்றாமல் இருந்த இடத்திலேயே உறுமி நடுங்கினால் மோட்டாரின் ஒரு காயிலுக்கு மின்சாரம் போகவில்லை, இல்லையென்றால் கேரியர் எங்கோ சிக்கியிருக்கிறது. சத்தமும் இல்லை அசைவும் இல்லை என்றால்தான் டிரைவரையோ அதற்கு வரும் மின்சாரத்தையோ சந்தேகிக்க வேண்டும். நீங்கள் சொல்லும் பலமான கடகட சத்தத்தை வைத்துப் பார்த்தால் முதல் வகையாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. இது கேட்டதை வைத்து ஊகிப்பது. கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சென்சார் பெரும்பாலும் மூன்று கால் உள்ள ஹால் சென்சார். கேரியரில் ஒட்டிய சின்னக் காந்தம் கிட்டே வந்தால் அதன் அவுட்புட் மாறும். அந்தக் காந்தத்தை ஒட்டிய பசை சூட்டில் விட்டுப்போவதுதான் நான் அதிகம் பார்க்கும் கோளாறு. காந்தம் கீழே விழுந்து ஏதாவது ஸ்க்ரூவிலோ மோட்டார் உடம்பிலோ ஒட்டிக்கொண்டிருக்கும், தேடுங்கள். திரும்ப ஒட்டும்போது பக்கம் முக்கியம். பல ஹால் சென்சார்கள் காந்தத்தின் ஒரு துருவத்தை மட்டும்தான் உணரும். தலைகீழாக ஒட்டினால் காந்தம் இருந்தும் எரர் வரும். அதனால் ஒட்டும் முன் ஒரு சோதனை: லேம்ப் ஆஃப், லைட் ஆன், மல்டிமீட்டரின் கறுப்பு முனை கிரவுண்டில், சிவப்பு முனை அவுட்புட் காலில். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் வோல்டேஜ் மேலிருந்து கீழே விழ வேண்டும். விழவில்லை என்றால் காந்தத்தைத் திருப்பிக் காட்டுங்கள். இரண்டு பக்கமும் விழவில்லை, ஆனால் சப்ளை காலில் 5 வோல்ட் அல்லது அந்த லைட் கொடுக்கும் வோல்டேஜ் வருகிறது என்றால் சென்சார் போய்விட்டது. சப்ளையே வரவில்லை என்றால் வயர் அல்லது கனெக்டர். சில லைட்டுகளில் மெனுவிலேயே சென்சார் நிலை தெரியும், அப்போது மீட்டரும் தேவையில்லை. ரிட்சி தெருவில் ஹால் சென்சாரும் கனெக்டரும் கிடைக்கும், பழையதன் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ஹாலுக்குப் பதில் ஒளியால் உணரும் பிளவு சென்சார் இருந்தால் அதன் நடுவில் தூசி அடைத்திருக்கும், துடைத்தாலே பல நேரம் சரியாகும்.

மோட்டார் சந்தேகம் என்றால், லைட் ஆனில் இருக்கும்போது அதன் பிளக்கைக் கழற்றவே கழற்றாதீர்கள். ஓடும் ஸ்டெப்பரைப் பிடுங்கினால் எழும் மின் உதைப்பில் நல்ல டிரைவரும் செத்துவிடும். நன்றாக இருந்த போர்டு, சோதனை செய்யும்போதே போனது என்று வரும் லைட்டுகள் பல இப்படித்தான் வருகின்றன. ஆஃப் செய்து, பிளக் எடுத்து, நான்கு வயர் மோட்டாரின் இரண்டு காயிலையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே ஓம் காட்ட வேண்டும், எதுவும் மோட்டார் உடம்போடு சேரக் கூடாது. சரியான எண் என்ன என்று யாரிடமும் கேட்க வேண்டாம். உங்களிடம் அதே லைட் இன்னும் ஏழு இருக்கிறது, ஒன்றைத் திறந்து ஒப்பிடுங்கள். வயர் உறைக்குள்ளேயே அறுந்திருந்தால் சும்மா வைத்து அளக்கும்போது நன்றாகக் காட்டும். தலையை டில்ட் முழுக்கச் சாய்த்து, கையால் வயரை அசைத்துக்கொண்டே அளக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட டில்ட் கோணத்தில் மட்டும் வரும் கோளாறு எப்போதும் வயர்தான் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

காயில் சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகு, ஃபோகஸ், ஜூம் இரண்டின் மோட்டாரும் ஒரே ரகமாக இருந்தால் போர்டில் இரண்டின் பிளக்கையும் இடம் மாற்றலாம். சென்சார் பிளக்குகளையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒன்று ஓட இன்னொன்றின் பதிலுக்கு லைட் காத்திருக்கும். இப்போது எரர் ஃபோகஸ் என்று மாறினால் கோளாறு ஜூமின் மோட்டார், சென்சார் பக்கம். ஜூம் என்றே நின்றால் போர்டு. இந்தக் கடைசி நிலையில்தான் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. அப்போதும் முழு போர்டா, ஒரு டிரைவர் ஐசியை மட்டும் மாற்றினால் போதுமா என்று அவரிடம் கேளுங்கள். வெளித்தோற்றம் ஒன்றாக இருக்கும் லைட்டுகளில் போர்டும் மென்பொருளும் வேறு வேறாக இருப்பது சகஜம். பார்க்க அதே மாதிரி இருக்கும் போர்டை வாங்கி மாட்டினால் சேனல் வரிசை மாறலாம், மோட்டார் எதிர்ப்பக்கம் ஓடலாம்.

நம் பகுதிக்கென்று சிலது சொல்ல வேண்டும். காசிமேடு, திருவொற்றியூர் கடலோரக் காற்றில் உப்பு இருக்கிறது. உள் கம்பி துருப்பிடிப்பதும் கனெக்டர் பச்சை பூப்பதும் இங்கே வேகமாக நடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கோடவுனில் மாதக்கணக்கில் கிடக்கும் லைட் தைக்குப் பிறகு வேலைக்கு வரும்போதுதான் ஃபோகஸ், ஜூம் பிரச்சினைகள் அதிகம் வருகின்றன. வேலை இல்லாத காலத்திலும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆன் செய்து எல்லாவற்றையும் ஓடவிடுங்கள். எண்ணூர் பக்கம் மைதானத்தில் போட்டால் சாம்பல் தூசி ஃபேன் வழியாக உள்ளே போகும். வந்ததும் ப்ளோயர் அடியுங்கள், ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு. அப்புறம் வெயில். சாயங்கால நிகழ்ச்சிக்கு மத்தியானமே ட்ரஸ்ஸில் (லைட் மாட்டும் கம்பிச் சட்டம்) ஏற்றிவிட்டு, லென்ஸ் வானத்தைப் பார்த்தபடி விட்டுவிடுகிறார்கள். முன் லென்ஸ் வழியாக வெயில் உள்ளே குவிந்து கோபோவையும் பிளாஸ்டிக் கேரியரையும் உருக்கும், லைட் ஆஃபில் இருந்தாலும். உருகி வளைந்த கேரியர் கம்பியில் சிக்குவதை எந்தப் போர்டாலும் சரிசெய்ய முடியாது. முகம் தரையைப் பார்க்கத் திருப்பி விடுங்கள், அல்லது துணி போட்டு மூடுங்கள்.

உங்கள் நிலையில் நான் இரண்டாவது லைட்டைத்தான் முதலில் திறப்பேன். காந்தம் விழுந்திருந்தால் ஒரு மணி நேர வேலை, அன்றைக்கே வாடகைக்குப் போகும். முதல் லைட்டுக்கு இன்று இரவே அந்தச் சூடான ரீசெட் சோதனையைச் செய்துவிட்டு, கூர்மை திரும்பியதா இல்லையா என்பதை மட்டும் எழுதுங்கள். ரீசெட்டின்போது ஜூம் கேரியர் நகர்கிறதா என்று ஃபோனில் ஒரு சின்ன வீடியோ எடுத்துப் போட்டால், அடுத்து எதை அளக்க வேண்டும் என்று சொல்கிறேன்.